முகம் தெரியற அளவுக்கு

உட்காருங்க தம்பி. அந்த ஸ்டூல்ல வேண்டாம், அது படம் எடுத்துக்க வர்றவங்க உட்கார்றது, முதுகு சாய முடியாது. இப்படி நாற்காலியில உட்காருங்க. கோயமுத்தூர்ல இருந்து பஸ்ஸுல வந்தீங்களா, பைக்குலயா? மூர்த்தி பைக்குலதான் போவான் வருவான். வேண்டாம்டான்னா கேட்கமாட்டான். டீ சொல்லியிருக்கறேன், குடிங்க. எம்பட பையனோட கூட்டாளி நீங்க, இந்தக் கடைக்கு இப்பத்தான் மொத மொதல்ல வர்றீங்க.

போன்ல சொன்னீங்கல்ல, அவனோட வருசத் திதிக்கு உங்க போட்டோ கிளப்புல கண்காட்சி வைக்கறோம், அவன் எடுத்த காட்டுப் படமா ஒரு ஹால் நிறைய மாட்டப் போறோம்னு. அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல தம்பி. சந்தோசத்துலதான். பெத்தவன் செய்ய வேண்டியதை நீங்க செய்யறீங்க. படமெல்லாம் தயாரா இருக்குது. கொண்டாந்த ஹார்டு டிஸ்க்கை எடுத்து மேசை மேல வைங்க, ஏத்தித் தர்றேன். அதுக்கு முன்னாடி சித்த நேரம் நான் சொல்றதைக் கேளுங்க. அவனும் நானும் பேசாம இருந்தது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அவம்பக்கத்து நியாயத்தைக் கேட்டிருப்பீங்க. எம்பக்கத்தையும் கேட்டுட்டு எடுத்துட்டுப் போங்க.

நான் முகம் எடுக்கறவனுங்க. இந்த உடுமலையில தாலுக்கா ஆபீசுக்குப் போறவங்க, பேங்குக்குப் போறவங்க, ஹால் டிக்கெட்டுக்கு ஒட்டற பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க, எல்லாரும் இந்த ஸ்டூல்ல உட்கார்ந்துட்டுத்தான் போகணும். ரெண்டு காதும் தெரியணும். நெத்தியில முடி விழக்கூடாது. கட்டத்துல முக்கால்வாசி முகம், பின்னாடி வெள்ளை. சட்டை அழுக்கா இருந்தா கம்ப்யூட்டர்ல கோட்டு போட்டுக் குடுத்துருவேன். நீலக் கோட்டு, செவப்பு டை. தோட்டத்துல தண்ணி பாய்ச்சிட்டு இருந்தவன் அப்படியே ஓடிவந்து உட்கார்ந்தாலும் படத்துல மேனேஜராட்டம் தெரிவான். நாச்சிமுத்து எடுத்த படம் சரியில்ல, வேற கொண்டான்னு எந்த ஆபீஸ்லயும் திருப்பி அனுப்புனதில்லைங்க. அதை அவன்கிட்ட எத்தனையோ தடவை சொல்லியிருக்கறேன்.

அவன் இந்தக் கடைக்குள்ளயே தவழ்ந்து வளர்ந்தவன். திருமூர்த்தி மலைக்கு வேண்டிப் பொறந்தவன், அதான் அந்தப் பேரு. தொழில் சுத்தமா வந்துச்சு. கை நடுங்காது, வெளிச்சம் பார்க்கத் தெரியும். ஆனா எதை எடுத்தாலும் தூரத்துல இருந்து எடுப்பான். ஒரு கல்யாணத்துக்கு அனுப்பிச்சேன். ஆல்பத்துல ஒரு படம், பூராவும் மண்டபத்து மாடிப்படி. கீழ் மூலையில பொண்ணு தனியா குந்திச் செருப்பை மாட்டிட்டு இருக்குது. பொண்ணோட அப்பா ஆல்பத்தைக் கொண்டாந்து இந்த மேசை மேல போட்டாரு. நகையே தெரியலையேங்கன்னாரு. நியாயந்தானே? நகை போட்டவர் அவரு. அப்பறம் ரெண்டு மாசங்கழிச்சு அந்தப் பொண்ணே வந்து, அந்தப் படிக்கட்டுப் படத்தை மட்டும் பெருசாப் போட்டுக் குடுங்கண்ணான்னு அவன்கிட்ட கேட்டு வாங்கிட்டுப் போச்சு. சின்னப் புள்ளைங்க, அதுகளுக்கு என்ன தெரியும்?

கல்யாணத்துக்குப் போகமாட்டேன்னுட்டான். வாரம் பூரா கடையில இருப்பான், சனி ஞாயிறு ஆனா மலை. சரி, நல்ல பழக்கம், குடியா கூத்தான்னு விட்டுட்டேன். உங்க கிளப்புல சேர்ந்தது அப்பத்தான். ஒரு நாள் அமராவதி அணைக்குப் போயிட்டு வந்து, அப்பா இதைப் பாருங்கன்னு கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டினான். கோடை. தண்ணி வத்தி, அணைக்குள்ள நெலம் பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்குது. படம் பூரா அந்த வெடிப்புதான். எடது பக்க ஓரத்துல, இதோ இந்தக் கட்டைவிரல் நகம் இருக்குதுல்ல, இத்தனூண்டு ஒரு யானை. அதுவும் படத்தை விட்டு வெளிய போறாப்பல நடக்குது. முன்னங்கால் ஓரத்துல இடிக்குது.

எனக்கே தெரியும் தம்பி, நானும் தொழில்காரன். நடக்கற பிராணிக்கு முன்னாடி எடம் விடணும், பார்க்கற பக்கம் எடம் விடணும். நீங்களும் கிளப்புல அதைத்தான் சொல்லிக் குடுக்கறீங்க. இவன் எல்லா எடத்தையும் பின்னாடி விட்டிருக்கறான். ஏன்டா, பின்னாடி எதுக்குடா இத்தனை எடம் சும்மா கெடக்குதுன்னேன். சும்மா இல்லப்பா, அது தண்ணிக்கு நடந்து வந்த தூரம்னான். யானையைக் காட்டுடா, தூரத்தைக் காட்டி என்ன ஆகப் போகுதுன்னேன். சிரிச்சான். அப்பெல்லாம் சிரிப்பான்.

அந்தப் படத்துலதான் வினை. ஒரு நூல் மில்லுக்காரங்க காலண்டருக்குப் படம் கேட்டிருந்தாங்க, இவனும் அதைக் குடுத்துட்டான். மேனேஜர் நம்ம கடைக்கு வர்றவரு, பாஸ்போர்ட்டுக்கு என்கிட்டத்தான் எடுத்தாரு. அவரு வந்து, படம் நல்லாருக்குதுங்க, யானையைத்தான் தேட வேண்டியிருக்குதுன்னாரு. நானாத் தேடிப் போகல, அவரா வந்து சொன்னது. சரி இருங்கன்னு உட்கார்ந்தேன். யானையைச் சுத்தி ஒரு கட்டம் போட்டேன். மிச்சத்தை வெட்டினேன். வெளிச்சம் ஏத்தினேன். அப்பத்தான் தெரியுது, நெத்தி, தும்பிக்கை, ஒரு கண்ணு. அழகான முகம் தம்பி. அத்தனை அழகை வெச்சுட்டு அவன் ஓரத்துல ஒளிச்சு வெச்சிருந்தான்.

தை மாசம் காலண்டர் வந்துச்சு. மளிகைக் கடை, மருந்துக் கடை, பேக்கரி, இந்த ரோட்டுல எங்க பார்த்தாலும் யானை. கீழ, படம்: ந. திருமூர்த்தின்னு அச்சடிச்சிருந்தாங்க. ஒவ்வொரு கடையா நின்னு பார்த்தேன். எம்பேரை எந்தக் காலண்டர்லயும் போட்டதில்ல. போட்டோக்காரன் பேரை ஆரு போடறாங்க? எம்மவன் பேரைப் போட்டாங்களே. நெஞ்சு பூரிச்சுப் போச்சு.

அவன் பேக்கரியில பார்த்துட்டு வந்து, இதே எடத்துல நின்னான். அப்பா, இது நான் எடுத்தது இல்லைன்னான். உம்பேருதான்டா போட்டிருக்குதுன்னேன். அதான்ப்பா சொல்றேன்னான். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தா சண்டையோட போயிருக்கும். கத்தல, காலண்டரைக் கிழிக்கல. அன்னியில இருந்து என்கிட்ட பேசறதை விட்டுட்டான். இந்தக் கடையில இருக்கறது ஒரே மேசை. பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து வேலை செய்யறோம், இங்க் தீர்ந்து போச்சுன்னு அவங்கம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்வான், அவ எனக்குப் போன் போட்டுச் சொல்வா. அப்பான்னு ஒரு சொல் இல்ல. தை, மாசி, பங்குனி, அப்படியே ஓடுச்சு. அப்பன் மகனுக்குள்ள இல்லாததா, பேசாமயா போயிருவான்னு இருந்தேன். ஒரு படத்தைப் பெருசு பண்ணினதுக்கு இத்தனை தண்டனையா? நீங்களே சொல்லுங்க. நல்லதுக்குத்தானே பண்ணினேன்.

ஆடி மாசம் மேல புல்வெளிக்குப் போனான், வரையாடு எடுக்கறேன்னு. நீங்களும் கூடப் போனீங்களா? ஓ, அந்தத் தடவை நீங்க போகலையா. புல்லுல குப்புறப் படுத்தே கெடப்பானாம். திரும்பி வந்தப்ப காய்ச்சல். கடைக்குப் பின்னாடி அந்த அறையில போர்த்திட்டுப் படுத்துக்கிட்டான். நான் போய்ப் பார்த்தேன் தம்பி. பார்க்காம இருக்கல, காலையிலயும் சாயங்காலமும் எட்டிப் பார்த்தேன். முகம் தெளிவாத்தான் இருந்துச்சு. கண்ணு கொஞ்சம் செவந்திருந்துச்சு, அவ்வளவுதான். எத்தனை முகம் பார்த்தவன் நான், முகத்துல சீக்கு இருந்தா எனக்குத் தெரியாதா? மாத்திரை வாங்கி அவங்கம்மாகிட்டக் குடுத்தேன்.

மூச்சு வாங்க ஆரம்பிச்சப்பத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். டாக்டரு சட்டையைத் தூக்கி, இடுப்புக்கிட்டக் காட்டினாரு. சிகரெட்டால சுட்டாப்பல கருப்பா ஒரு வடு. உண்ணிக் காய்ச்சல், புல்லுல இருக்கற பூச்சி கடிச்சு வர்றதுன்னாரு. கண்ணுக்கே தெரியாத பூச்சியாம். ஊட்டுல இதை ஆரும் பார்க்கலையான்னு கேட்டாரு. ஆரம்பத்துல பார்த்திருந்தா சாதாரண மாத்திரையிலயே போயிருக்கும்னாரு. எப்படிங்க பார்க்கறது? வளர்ந்த பையன், சட்டையைக் கழட்டுடான்னா சொல்ல முடியும்? பேசிட்டு இருந்திருந்தா அவனே சொல்லியிருப்பான்ல, அப்பா இங்க என்னமோ கருப்பா இருக்குது, வந்து பாருங்கன்னு. பிடிவாதம் அவனைக் கொண்டுட்டுப் போயிருச்சு. ஆஸ்பத்திரியில முகம் பூரா மாஸ்க்கு. கண்ணு மட்டும் தெரிஞ்சுது. அந்தக் கண்ணு என்னைப் பார்த்துச்சா, எனக்குப் பின்னாடி இருந்த சுவத்தைப் பார்த்துச்சான்னு எனக்குத் தெரியல.

டீ ஆறுது, குடிங்க.

அவன் போன அன்னிக்கு மத்தியானமே கண்ணீர் அஞ்சலிக்கு பேனர் அடிக்கணும், போட்டோ குடுங்கன்னு மச்சினன் வந்து நிக்கறான். போட்டோக் கடைக்காரன் மவன், ஒரு போட்டோ இல்ல. சின்ன வயசுப் படம் இருக்குது, ஆளான பின்னாடி ஒண்ணு இல்ல. எப்பவும் கேமராவுக்குப் பின்னாடியே இருந்துட்டான். கடைசியில உங்க கிளப்புக்காரங்க டாப்ஸ்லிப்புல எடுத்த குரூப் போட்டோ கெடைச்சுது. எல்லாரும் சேறும் சகதியுமா நின்னு சிரிச்சுட்டு இருக்கீங்க. அவன் தோள் மேல ஒரு கை. அது உங்க கைதானே? இந்தக் கருப்பு வாட்ச்சுதான். நீங்க உள்ள வரும்போதே பார்த்தேன். அந்தக் கையை அழிக்க வேண்டியதாப் போச்சு தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. கையை எடுத்தா தோள்பட்டை பாதி இல்லாமப் போயிருச்சு. அதுக்குத்தான் கோட்டு போட்டேன். அங்க பாருங்க, சுவத்துல. எடுப்பா இருக்குதுங்களா? வந்தவங்கெல்லாம், மாப்பிள்ளையாட்டம் இருக்கறானே, எப்ப எடுத்ததுன்னு கேட்டாங்க. அவங்கம்மாதான் பார்த்துட்டு, இது ஆருன்னு கேட்டா. உன்ற மவன்தான்னேன். எம்மவன் எப்பங்க கோட்டு போட்டான்னுட்டு அந்தப் பக்கம் போயிட்டா. இன்னிக்கு வரைக்கும் அந்தப் படத்துக்குப் பூ வெக்கறது நான்தான். அவ அடுப்படியில அவன் போட்டுட்டுப் போன மழைக்கோட்டை ஆணியில மாட்டி வெச்சிருக்கறா, அதுக்கு முன்னாடித்தான் நின்னு பேசறா. பித்துப் புடிச்சவளாட்டம். என்னத்தைச் சொல்றது.

கருமாதி முடிஞ்சு கடையைத் திறந்தேன். அவன் கம்ப்யூட்டரைத் தொடவே கை வரல. ஒரு நாள் காலையில, ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி, போட்டுப் பார்த்தேன். படம், படமா, அத்தனை படம். ஒவ்வொண்ணா திறக்கறேன், எல்லாம் அதே கதைதான். பாறையைக் காட்டறான், பாறை மேல எங்கயோ ஒரு சிறுத்தை. பனியைக் காட்டறான், பனிக்குள்ள ரெண்டு கொம்பு. ஒரு பெரிய மரம், அதுல ஒரு பொந்து. குருவியா என்னான்னு தேடித் தேடி, கடைசியில பார்த்தா பொந்துக்குள்ள இருந்து அலகு நுனி மட்டும் நீட்டிட்டு இருக்குது. இருவாச்சியா அது? பொட்டைப் பறவையை உள்ள வெச்சுச் சேத்துல பூசிருமா? அப்படியா, எனக்குத் தெரியாது.

எனக்கு அழுகை வந்துருச்சு தம்பி. இத்தனை அலைஞ்சிருக்கறான், அட்டைக்கடி, மழை, பூச்சிக்கடி, அதுலயே உசிரும் போச்சு. ஆனா எடுத்த பொருளை ஒருத்தனும் பார்க்க முடியாது. இதைக் கொண்டு போய் மாட்டினா ஆருங்க நின்னு தேடுவாங்க? அப்ப முடிவு பண்ணினேன். எம்மவன் எடுத்ததை எல்லாரும் பார்க்கற மாதிரி நான் செஞ்சு வெக்கறேன்னு. அன்னியில இருந்து தினமும் காலையில உட்கார்ந்துக்குவேன். சாமி கும்பிட்டுட்டுத்தான் உட்காருவேன். தேடுவேன், கண்டுபிடிப்பேன், கட்டம் போடுவேன், மிச்சத்தை வெட்டுவேன். சிறுத்தை முகம் இப்ப ஸ்க்ரீன் பூரா வருது. கொஞ்சம் கட்டங்கட்டமாத் தெரியும், அதை மழுக்கி வெச்சிருக்கறேன். அவன்கூடவே உட்கார்ந்து வேலை செய்யறாப்பல இருக்கும். எங்கடா வெச்சிருக்கற, இந்தத் தடவை எங்க ஒளிச்சு வெச்சிருக்கறன்னு வாய்விட்டே கேட்பேன். அவன் இருந்தப்ப பேசாததையெல்லாம் அப்பப் பேசிக்குவேன். எல்லாம் முடிச்சாச்சு. இப்ப பாருங்க, ஒரு படத்துலயும் தேட வேண்டியதில்ல.

ஏந்தம்பி, டம்ளரைக் கீழ வெச்சுட்டீங்க?

மொதல்ல இருந்ததா? இதுதானுங்க மொதல்ல இருந்தது, இதுலயேதான் வெட்டி சேவ் பண்ணினேன். நாங்க எப்பவும் அப்படித்தான், ரெண்டு ரெண்டா வெச்சா கடைக் கம்ப்யூட்டர் தாங்காது. கேமராவுல பதிவான மூல ஃபைலா? ஆமாங்க, ஒவ்வொரு படத்துக்கும் கூடவே இன்னொரு பெரிய ஃபைல் இருந்துச்சு. அதென்னமோ நம்ம கம்ப்யூட்டர்ல திறக்கவே மாட்டேன்னுருச்சு. சும்மா எடத்தை அடைச்சுட்டுக் கெடந்துச்சு, அழிச்சுட்டேன். கேமரா கார்டா? அதைக் கல்யாண வேலைக்கு எடுத்துக்கிட்டோமே. பொருளு வீணாப் போகக் கூடாதில்ல.

ஒண்ணுமே இல்லாத படம் கொஞ்சம் இருந்துச்சுங்க, அதையும் அழிச்சுட்டேன். வெறும் புல்லு. எத்தனை பெருசு பண்ணிப் பார்த்தாலும் ஒரு பிராணி இல்ல, புல்லு மட்டும் ஒரு பக்கமா சாஞ்சு கெடக்குது. என்னது? யானை படுத்து எந்திரிச்சுப் போன எடமா? படுத்திருக்கும்போதே எடுத்திருக்கலாமே.

எந்திரிச்சுட்டீங்களா?

சரி, நீங்க கெளம்பறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். இதை நான் ஆருகிட்டயும் கேட்கல, அவகிட்டக்கூடக் கேட்கல. அவன் படத்தையெல்லாம் முடிச்சுட்டு வரும்போது கடைசி ஃபோல்டர்ல ஒரு படம் இருந்துச்சு. காட்டுப் படமில்ல. நம்ம ரோடு. எதுத்தாப்பல மருந்துக் கடை மாடியில இருந்து எடுத்திருக்கறான் போல. படம் பூரா என்னென்னமோ இருந்துச்சு, நான் சரியாக் கவனிக்கல. ஓரத்துல நம்ம கடை வாசல். வாசல்ல நான் நிக்கறேன்.

நாங்க பேசாம இருந்தப்ப எடுத்ததுங்க. தேதியைப் பார்த்தா பங்குனி மாசம் வருது. அந்த மாசத்துல இவன் எதுத்த மாடியில ஏறி நின்னு என்னைப் படம் எடுத்திருக்கறான், எனக்குத் தெரியவே தெரியாது. என்னை இவன் ஒரு தடவைகூட எடுத்ததில்ல தம்பி. எனக்குக் கண்ணெல்லாம் மறைச்சுப் போச்சு. பார்த்தீங்களா, பெத்தவனைக்கூட எறும்பாட்டம் ஓரத்துல நிறுத்தியிருக்கறானேன்னு சிரிச்சுக்கிட்டே, அழுதுக்கிட்டே, கை பழக்கத்துல கட்டம் போட்டுட்டேன். வெட்டிட்டேன். சேவ் பண்ணிட்டேன்.

இதோ, இதுதான் அந்தப் படம். எம்பட முகம் மட்டும். கலங்கலா இருக்குது, ஆனா தெரியுது பாருங்க. நான் சிரிச்சுட்டு இருக்கறேன். நல்லாவே சிரிக்கறேன், பல்லுத் தெரிய. தலையை இப்படி வலப்பக்கம் திருப்பி, எதையோ பார்த்துச் சிரிக்கறேன். அது வெட்டின பக்கத்துல போயிருச்சு.

அந்த ஆறு மாசத்துல நான் சிரிச்சதா எனக்கு ஞாபகமே இல்லைங்க. ஊட்டுல சிரிக்கல, கடையில சிரிக்கல. சோறு எறங்காம இருந்தவன் நான். அப்படியிருக்க நடு ரோட்டைப் பார்த்து எதுக்குச் சிரிச்சேன்? ஆரு போனாங்க? என்ன நடந்துச்சு? தினமும் கடை திறந்ததும் அதே வாசல்ல போய் நின்னு, தலையை அதே மாதிரி திருப்பிப் பார்க்கறேன். ரோடுதான் இருக்குது. பஸ்ஸு போகுது, ஆளுங்க போறாங்க. எனக்கு ஒண்ணும் பிடிபடல.

உங்ககிட்ட அவன் எல்லாப் படத்தையும் காட்டுவான்னு போன்ல சொன்னீங்கல்ல. அதையும் காட்டியிருப்பானுங்களா? கொஞ்சம் நெனைச்சுப் பார்த்துச் சொல்லுங்க தம்பி. எனக்கு அந்தப் பக்கம் என்ன இருந்துச்சு?